மணியின் முகத்தில் முழித்தவர்கள்

இராஜாங்கத்தின் கைப்பேசிக்கு வருகிற அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே கேள்விக்காகத்தான் வரும். கரண்டு வந்துவிட்டதா?

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடைப் பகுதியில் இருக்கிறது. போர்வெல் மோட்டார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வயலுக்கு மோட்டார் போட்டு, மடை மாற்றி, பாய்ந்ததும் நிறுத்திவிட்டு வருவது இராஜாங்கத்தின் வேலை. மும்முனை மின்சாரம் நடுராத்திரியோ விடியற்காலையோ, எப்போது வருமோ அப்போது அவர் மோட்டார் கொட்டகையில் இருக்க வேண்டும். தெருவில் அவரைப் பார்க்கிறவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "போட்டாச்சா?" என்பார்கள். அவர் தலையை ஆட்டுவார். மனைவி ஞானாம்பாளும் அவரும் மட்டும்தான் வீட்டில். பிள்ளைகள் இல்லை.

துணைக்கு ஒரு பெட்டை நாய் இருந்தது. கறுப்பி. ஒரு மார்கழியில், அலையாத்திக் காட்டுப் பக்கத்திலிருந்து நண்டும் எலியும் தேடி வயல்வரைக்கும் வருகிற நரிகளில் ஒன்று கறுப்பியோடு வரப்பில் சேர்ந்து உட்கார்ந்திருந்ததை இராஜாங்கம் பார்த்தார். கல்லெடுத்து எறிந்தார். அது ஓடிவிட்டு மறுநாளும் வந்தது. பிறகு அவர் எறியவில்லை. மாசி மாதம், எங்கள் தெருக்கோடியில் ஆனந்தவல்லி வீட்டு வைக்கோல் போரின் அடியில் கறுப்பி குட்டி போட்டது. ஒன்றுதான் பிழைத்தது. அதற்கு இராஜாங்கம் மணி என்று பெயர் வைத்தார்.

மணி வளர வளர எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒடுங்கிய மூக்கு, பழுப்பும் சாம்பலுமாக முதுகு, நுனி கறுத்த அடர்ந்த வால். குரைக்கத் தொடங்கும், ஆனால் குரைப்பாக முடியாது. பாதியில் அது ஊளையாக இழுத்துக்கொண்டு போகும். எதிர்வீட்டுப் பெரியவர் இந்த நாய்க்கு சைலன்ஸர் பழுது என்பார். இராஜாங்கத்தின் ரப்பர் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு கொட்டகை வரைக்கும் முன்னால் போகும். அவர் மடை மாற்றும்போது வரப்பில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

காலையில் எழுந்ததும் நரி முகத்தில் முழித்தால் போகிற காரியம் கைகூடும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் உண்டு. யாருக்காவது எதிர்பாராமல் நல்லது நடந்தால் இன்று நரி முகத்தில் முழித்தாயா என்று கேட்பது வழக்கம். கேட்பதோடு சரி, நரிக்கு எங்கே போவது? அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் ஆனந்தவல்லிதான். அவர் மகன் பரணிதரன் மூன்று நான்கு தேர்வுகள் எழுதித் தோற்றிருந்தான். ரயில்வே தேர்வுக்குப் போகிற அன்று விடியற்காலையில் அவன் கண்ணைத் துண்டால் கட்டி, கையைப் பிடித்து, தெரு வழியாக இராஜாங்கம் வீட்டு வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தார். வழியில் தண்ணீர்க் குழாயில் இடித்து அவன் காலில் நகம் பெயர்ந்தது. "நரியப் பாக்குறதுக்குள்ள என்னய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடும்போல எங்கம்மா" என்று அவன் சொன்னதை ஊரே பிறகு சொல்லிச் சிரித்தது. துண்டை அவிழ்த்ததும் மணி அவன் முகத்தை நக்கியது.

பரணிதரனுக்கு வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு இராஜாங்கம் வாசலில் விடியற்காலைகளில் ஆள் நிற்கத் தொடங்கியது. விமான நிலையத்துக்குப் போகிற கார்கள் நின்றுவிட்டுப் போயின. பெண் பார்க்கப் போகிறவர்கள் வந்தார்கள். நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகிறவர்கள்கூட ஈரப்பதம் சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இராஜாங்கம் யாரிடமும் காசு வாங்கவில்லை. யாராவது வாழைப்பழம் கொடுத்தால் ஞானாம்பாள் வாங்கி வைப்பார். ஆனால் வந்தவர்கள் "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்கள். நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாற்காலியைவிட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு வெளியே வரப் பழகினார்.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான். இது உண்மையிலேயே நரிதானே? முதலில் அவர் "அப்பன் நரி" என்று சொன்னார். கேட்டவர்களின் முகம் கொஞ்சம் வாடியது. பாதி நரி என்றால் பாதிக் காரியம்தான் நடக்குமோ என்று ஒருவர் கேட்டேவிட்டார். பிறகு இராஜாங்கம் "நரிதான்" என்று சொல்லத் தொடங்கினார். ஆட்கள் இருக்கும்போது அதை மணி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். நரிக்கு மணி என்று பெயர் இருந்தால் யார் நம்புவார்கள்?

குவைத்தில் வேலைக்குத் தேர்வாகியிருந்த முபாரக் கிளம்புகிற அன்று வந்தவன், போனை எடுத்து வீடியோ பிடித்தான். மணி இராஜாங்கத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, எல்லாரும் கேப்பாங்க, நீங்களே சொல்லிடுங்க. இது நாயா, நரியா?"

"நரிதான். சுத்தமான காட்டு நரி. குட்டியிலேர்ந்து நான்தான் வளக்கிறேன்."

இராஜாங்கத்தை அதுவரை யாரும் வீடியோ எடுத்ததில்லை. முபாரக் அதை நல்ல மனசோடுதான் போட்டான். அது எங்கள் தெருவிலிருந்து முத்துப்பேட்டைக்கும், அங்கிருந்து எங்கெங்கோவும் போயிற்று.

வனத்துறை ஜீப் பொங்கலுக்கு முன்பு ஒரு முற்பகலில் வந்தது. வலை, கூண்டு, நீளக் கழி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். வலைக்கும் கழிக்கும் வேலை இருக்கவில்லை. மணி மிரண்டு வைக்கோல் போருக்குள் போய் ஒளிந்துகொண்டதும், ரேஞ்சர் இராஜாங்கத்தைப் பார்த்து, கூப்பிடு என்றார். நல்லபடியாகப் பிடித்துக் கொடுத்தால் கேஸ் போடாமல் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் மணி என்று கூப்பிட்டார். மணி வெளியே வந்து, அவர் கை காட்டிய இடத்துக்குப் போய், கூண்டுக்குள் உட்கார்ந்தது.

"நரிக்கு மணின்னா பேரு வச்சிருக்கே?" என்றார் ரேஞ்சர். அவர் கேலியாகச் சொல்லவில்லை. குழம்பினவரைப் போலத்தான் சொன்னார். பறிமுதல் மகஜரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இராஜாங்கத்தையும் அதே ஜீப்பில் ஏற்றினார்கள். அந்தப் பொங்கல் அவருக்கு ஜெயிலில் கழிந்தது.

ஜாமீனில் வந்த பிறகு, இலவச சட்ட உதவியின் மூலம் ஹஃப்ஸா என்ற வழக்கறிஞர் அவருக்குக் கிடைத்தார். சின்னப் பெண்தான். பொறுமையாகப் பேசுவார். ஞானாம்பாளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிலைமையை விளக்கினார். வனவிலங்குச் சட்டத்தைச் சமீபத்தில் திருத்தியபோது நரியை முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். புலியும் யானையும் இருக்கிற பட்டியல் அது. அதில் இருக்கிற விலங்கைப் பிடித்து வைத்திருந்தால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை, ஏழு வருஷம் வரைக்கும் போகலாம். அபராதம் தனி. தெரியாமல் செய்தேன் என்பதெல்லாம் எடுபடாது.

"யாரையும் கடிக்கக்கூட இல்லைங்களே" என்றார் இராஜாங்கம்.

அது கேள்வியே இல்லை என்று ஹஃப்ஸா சொன்னார். அது என்ன விலங்கு என்பதுதான் கேள்வி.

"பாதி நாயிங்க. பாதி நரி. நான் கண்ணால பாத்தேன்."

"கோர்ட்ல பாதின்னு ஒண்ணு கிடையாதுங்கய்யா. நாய்னா நீங்க வீட்டுக்குப் போகலாம். நரின்னா உள்ளே போகணும். கலப்புன்னு நிரூபிச்சா நான் வாதாட ஒரு இடம் கிடைக்கும். அவ்வளவுதான்."

நிரூபிப்பதற்கு ஒரு வழி இருந்தது. மணியின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தால் தாய் என்ன, தகப்பன் என்ன என்று தெரிந்துவிடும். ஹஃப்ஸா மனுப் போட்டார். வந்த பதிலை அவர் போனில் சொல்லாமல், நேரில் வந்து சொன்னார். கால்நடை மருத்துவர் ஒருவர் உருவத்தைப் பார்த்து, ஆரோக்கியமான நரி என்று சான்று கொடுத்திருந்தார். காட்டு விலங்கைக் கூண்டில் வைத்திருக்கக் கூடாது என்பதால், நீதிமன்றத்தின் அனுமதியோடு அதை ஏற்கெனவே காட்டில் விட்டுவிட்டார்கள். கடற்கரையோரம், உப்பளங்களைத் தாண்டி இருக்கிற காடு. ரத்தம் எடுத்து வைத்திருக்கவில்லை. அதைத் திரும்பப் பிடிக்கும்வரை சோதனைக்கு வழியில்லை. பிடிப்பார்கள் என்று ஹஃப்ஸாவுக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

இராஜாங்கம் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அதுக்கு வேட்டையாடத் தெரியாதுங்களே. தயிர்சோறு திங்கும்" என்றார்.

அடுத்த வாரமே அவர் பஸ் ஏறிப் போனார். காட்டுக்குள் கால் வைத்தால் இன்னொரு கேஸ் வரும் என்று ஹஃப்ஸா எச்சரித்திருந்ததால் சாலையோரத்திலேயே நின்றார். உப்பளத்து ஆட்களுக்காக அங்கே ஒரு டீக்கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் மணியைப் பார்த்திருந்தார். விட்ட அன்று ஜீப்பின் பின்னாலேயே ஓடி வந்ததாம். பிறகு சில நாள் கடைக்கு வந்து வர்க்கி வாங்கித் தின்றதாம். உட்கார் என்றால் உட்காருமாம். "என்னடா இது, படிச்ச நரியா இருக்கேன்னு பேசிக்கிட்டோம்" என்று சிரித்தார். கடைப் பக்கத்து நாய்கள் அதைச் சேர்க்கவில்லை. ஒருநாள் கூட்டமாகத் துரத்தின. பின்னங்காலில் ரத்தத்தோடு முள்ளுக்காட்டுக்குள் போனது. அதற்கப்புறம் வரவில்லை.

இராஜாங்கம் பொழுது சாயும்வரை நின்று கூப்பிட்டார். காட்டிலிருந்து நரிகளின் சத்தம் வந்தது. ஒவ்வொன்றையும் கூர்ந்து கேட்டார். குரைப்பில் தொடங்குகிற சத்தம் ஒன்றுகூட இல்லை. எல்லாமே முழு நரிகள். அதற்குப் பிறகும் பலமுறை போனார். டீக்கடைக்காரர் அவருக்காகப் பெஞ்சைத் துடைத்துப் போடுவார். வேறு செய்தி எதுவும் அவரிடம் இல்லை.

இனி இருப்பது சாட்சிகள்தான் என்றார் ஹஃப்ஸா. மணி கறுப்பியின் வயிற்றில் பிறந்தது என்பதைக் கண்ணால் பார்த்த ஒருவர் சொன்னால் போதும். கறுப்பி அதற்கு முந்தைய மழையில் பாம்பு கடித்துச் செத்திருந்தது. பிரசவத்தைப் பார்த்தவர் ஒருவர்தான். ஆனந்தவல்லி. அவருடைய வைக்கோல் போரில் பிறந்த குட்டி அது. ஆனால் மணியை வந்து பார்த்துப் பலன் அடைந்தவர் என்று அரசுத் தரப்பு அவரைத் தங்கள் சாட்சியாகவே சேர்த்திருந்தது. அதனால் பரவாயில்லை, குறுக்கு விசாரணையில் அவர் உண்மையைச் சொன்னால் இன்னும் நல்லது என்றார் ஹஃப்ஸா.

இராஜாங்கம் ஒரு சாயங்காலம் ஆனந்தவல்லி வீட்டுக்குப் போனார். ஆனந்தவல்லி கெட்டவர் இல்லை. இராஜாங்கம் ஜெயிலில் இருந்தபோது ஞானாம்பாளுக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர். அவரை உட்காரச் சொல்லி காபி கொடுத்தார்.

"ஒன் போருலதானே ஆனந்தவல்லி குட்டி போட்டுச்சு. நீதானே கறுப்பிக்குக் கஞ்சி ஊத்துனே."

"ஊத்துனேண்ணே. இல்லேன்னு சொல்லலியே."

"அதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

ஆனந்தவல்லி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரணிதரன் இன்னும் பயிற்சியில்தான் இருந்தான். வேலை நிரந்தரமாகவில்லை. அவனோடு சேர்ந்த ஒருவனை ஏதோ மருத்துவக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"கோர்ட்டுல சத்தியம் பண்ணி, அது நரி இல்ல, நாயிதான்னு நான் சொல்லிட்டா, அப்புறம் அவன் எது மொகத்துல முழிச்சிட்டுப் போனான்னு ஆவும்?"

"கெடைச்ச வேலை கெடைச்சதுதான. போயிடுமா?"

"போகாதுன்னு நீங்க சொல்லுங்கண்ணே பாப்போம்."

அத்தனை பேரிடமும் நரிதான் என்று சொன்னவர் இராஜாங்கம்தான்.

"என்னய உள்ள போட்டுடுவாங்கம்மா" என்றார்.

ஆனந்தவல்லி அழுதார். "உங்களுக்காகத்தாண்ணே தெனமும் வெளக்கேத்துறேன்" என்றார். உண்மையாகவே ஏற்றிக்கொண்டிருந்தார். இராஜாங்கம் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

அவருக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. நிலத்துக்காரர் வீட்டு ஆட்கள், நெல் வியாபாரிகள், பெண் பார்க்கப் போனவர்கள் என்று வேறு சிலரிடமும் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். ஒருவர் மகளுக்குக் குழந்தை உண்டாகியிருந்தது, இந்த நேரத்தில் போய் அப்படிச் சொல்ல முடியுமா என்றார். முபாரக் குவைத்திலிருந்து போனில் பேசினான். வீடியோவை அழித்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். "ஆனா நரிதானண்ணே அது? நீங்களே சொன்னீங்களே" என்று கடைசியில் கேட்டான்.

பல வாய்தாக்களுக்குப் பிறகு ஆனந்தவல்லி சாட்சிக் கூண்டில் ஏறினார். பட்டுப்புடவை கட்டியிருந்தார். கறுப்பி அவருடைய வைக்கோல் போரில் குட்டி போட்டது உண்டா என்று ஹஃப்ஸா கேட்டபோது, போட்டது, ஆனால் அந்தக் குட்டிகள் எல்லாம் செத்துவிட்டன என்றார். இந்தக் குட்டி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதாம்.

"அது நாய்னு உங்களுக்குத் தெரியும்தானேம்மா?"

"நரிதாங்க. சத்தியமா நரி."

"இதுக்கு முன்னாடி நரியப் பக்கத்துல பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படி நரின்னு சொல்றீங்க?"

"என் பையனுக்கு வேலை கெடைச்சிடுச்சேங்க."

நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனந்தவல்லி சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். இராஜாங்கத்தை மட்டும் பார்க்கவில்லை.

தன்னுடைய முறை வந்தபோது இராஜாங்கம், ஹஃப்ஸா சொல்லிக் கொடுத்ததைக் கொஞ்சமும் மாற்றாமல் சொன்னார். தான் பொய் சொல்லிவிட்டதாகவும், அது தன் நாய் போட்ட குட்டிதான் என்றும், வந்தவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டதால் நரி என்று சொன்னதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். முபாரக்கின் வீடியோவை அரசுத் தரப்பில் முன்பே போட்டுக் காட்டியிருந்தார்கள். அதில் பேசுவது நீதானா என்று கேட்டார்கள். நான்தான் என்றார். இரண்டில் எது பொய் என்று கேட்டார்கள். வீடியோவில் சொன்னதுதான் என்றார். அப்படியானால் இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார்கள்.

மூன்று வருஷம். சட்டத்தில் அதற்குக் கீழே குறைக்க இடமில்லை என்று மாஜிஸ்திரேட் சொன்னாராம். மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்தி வைத்து, அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தீர்ப்பின் நகல் ஆங்கிலத்தில் இருந்ததால் ஞானாம்பாள் அதை என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொரு பத்தியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். அவர் முந்தானையைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், அதில் மணி என்ற பெயர் எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். நான் திரும்பவும் தேடினேன். 'நரி, எண்ணிக்கை ஒன்று, ஆண்' என்று இருந்தது. பெயர் இல்லை. மேல்முறையீட்டில் என்ன ஆகும் என்று அவர் கேட்டதற்கு, எனக்குத் தெரியாது என்றேன். ஹஃப்ஸாவிடம் கேட்டபோது, முயற்சி செய்வோம் என்று மட்டும் சொல்லியிருந்தார். மணி கிடைத்தாலொழிய, சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மணி கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊரில் அவர்மேல் யாருக்கும் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் கோர்ட்டில் நின்று பொய் என்று சொல்லிவிட்டாரே என்ற மனத்தாங்கல் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. பரணிதரன் லீவில் வந்தால் இராஜாங்கம் வீட்டுப் பக்கம் போவதில்லை. மணியின் முகத்தில் முழித்துவிட்டுப் போய்த் துபாயில் வேலை பறிபோனவன் ஒருவன் இருந்தான். இப்போதுதான் காரணம் தெரிந்தது என்றானாம். ஆனாலும் மோட்டார் வேலை அவரிடமேதான் இருக்கிறது. நடுராத்திரியில் எழுந்து போக வேறு ஆள் கிடைக்கவில்லை. போன் வருகிறது. கரண்டு வந்துவிட்டதா?

இப்போது ஊரில் ஒரு புதுப் பழக்கம் உண்டாகியிருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் யாரையாவது முன்னால் அனுப்பி, சாலையில் இராஜாங்கம் வருகிறாரா என்று பார்த்துக்கொள்கிறார்கள். கேஸில் மாட்டியவரின் முகத்தில் முழித்துவிட்டுப் போகக் கூடாதாம்.

போன வாரம் முபாரக்கின் தம்பி வெளிநாட்டுக்குக் கிளம்பினான். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். இராஜாங்கம் மோட்டாரை நிறுத்திவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் வந்துகொண்டிருந்தார். கார் தெருமுனையில் திரும்புகிற வெளிச்சத்தைப் பார்த்ததும் நின்றார். பிறகு சாலையைவிட்டு இறங்கி, வாய்க்கால் கரைக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கார் போனது. சத்தம் முழுக்க அடங்குகிறவரை அவர் எழவில்லை.